குவாலிஸ்: இஞ்சின் இருக்கு, வண்டி இல்லை

கடையில் கிடைக்காத வண்டிக்கு விமர்சனம் எதற்கு என்று கேட்கலாம். 2005-ல் இன்னோவா வந்ததோடு டொயோட்டா குவாலிஸின் கதை முடிந்துவிட்டது. ஆனால் நாமக்கல், சேலம், ஈரோடு பக்கம் ஒரு நாள் சுற்றினால் குறைந்தது நாலைந்து குவாலிஸாவது கண்ணில் படும். பழைய வண்டிச் சந்தையில் அதற்கு இன்றும் கிராக்கி குறையவில்லை. எங்கள் வீட்டில் ஓடிய 2003 மாடல் டீசல் குவாலிஸை அண்மையில் அழிப்பு மையத்தில் ஒப்படைத்தோம். இன்னும் வைத்திருப்பவர்களுக்கும், மலிவாக வருகிறதே என்று வாங்கப் பார்ப்பவர்களுக்கும் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் இருக்கின்றன.

டொயோட்டா இந்தியாவில் தயாரித்த முதல் கார் இது. 2000 ஜனவரியில், பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கும் பிடதி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. வந்தபோதே அது புதுசு இல்லை. இந்தோனேசியாவில் 1986 முதல் ஓடிக்கொண்டிருந்த கிஜாங் வண்டியின் உடம்புதான், மூக்கை மட்டும் மாற்றி இங்கே அனுப்பினார்கள். இந்தோனேசியாக்காரர்கள் 1997-லேயே அடுத்த தலைமுறை கிஜாங்குக்குப் போய்விட்டார்கள். அன்றைய கார் விமர்சகர்கள் பெட்டி வண்டி என்று கேலி செய்தார்கள். டிராவல்ஸ்காரர்களும் கூட்டுக் குடும்பங்களும் அந்தக் கேலியைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

காரணம் இஞ்சின். 2,446 சிசி, நாலு சிலிண்டர், டர்போ கிடையாது, 75 குதிரைத்திறன். டொயோட்டாவின் ‘2எல்’ குடும்பத்தைச் சேர்ந்தது. இன்றைய டீசல் இஞ்சின்களில் எரிபொருள் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும். இதில் ஹெட்டுக்குள் இருக்கும் சின்ன அறையில் முதலில் தெளிக்கப்பட்டு, அங்கே சுழன்று பற்றிக்கொண்டு, பிறகு சிலிண்டருக்கு இறங்கும். அதனால் சத்தம் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், டீசல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், காலையில் ஹீட்டர் பிளக் சூடாகாமல் பிடிக்காது. சாவியைத் திருப்பி, டேஷ்போர்டில் அந்தச் சுருள் விளக்கு அணையும் வரை பொறுத்து, அப்புறம் செல்ஃப் அடிக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் பேட்டரியைத் தீர்த்துவிட்டு வண்டியைத் திட்டுவார்கள்.

கம்ப்யூட்டர் என்று ஒன்று இந்த இஞ்சினை ஆட்டிப்படைக்கவில்லை. டீசல் பம்ப் முழுக்க முழுக்க மெக்கானிக்கல். ஆக்ஸிலரேட்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு கேபிள். பம்பின் டீசல் கட்-ஆஃபுக்கு ஒரு ஒயர். நடுரோட்டில் வண்டி நின்றால் சந்தேகப்பட நாலு இடம்தான் இருக்கும். ஏர் பிடித்திருந்தால் டீசல் ஃபில்டரின் தலையில் இருக்கும் கை பம்பை விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் தொளதொளவென்று போகும், பிறகு மெல்ல இறுகும். நன்றாக இறுகிய பிறகு செல்ஃப் அடித்தால் இரண்டு மூச்சு இருமிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். ஸ்கேனர் தேவையில்லை, இழுத்துப் போக வண்டி தேவையில்லை. லாரிப் பட்டறைகள் நிறைந்த நாமக்கல் மாதிரி ஊரில் இது எவ்வளவு பெரிய வசதி என்பது இன்றைய டீசல் கார்களில் சென்சார் கோளாறுக்கு ஒரு வாரம் காத்திருந்தவர்களுக்குத்தான் புரியும்.

ஓட்டுவதற்கு எப்படி? வேகத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். 80 கிலோமீட்டர் வரை சுகமான வண்டி. அதற்கு மேல் சத்தம் பேச்சை விழுங்கிவிடும். ஆனால் அடிவேகத்தில் இழுவை உண்டு. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஆள் நிறைத்துக்கொண்டு இரண்டாவது கியரிலும் முதல் கியரிலுமாக ஏறும். ஏ.சி.யை அணைத்துவிட்டு டெம்பரேச்சர் முள்ளில் ஒரு கண் வைத்திருந்தால் போதும். இறங்கும்போது இஞ்சினே பாதி பிரேக் பிடித்துக் கொடுக்கும். பின்பக்கம் லாரி மாதிரி பட்டா ஸ்பிரிங். தனியாகப் போனால் ஒவ்வொரு பள்ளத்தையும் இடுப்பு எண்ணும். எட்டுப் பேர் ஏறியதும் அதே வண்டி பதவிசாக நடக்கும். எங்களுடையது பின்னால் எதிரெதிராக பெஞ்சு வைத்த மாடல். பழனிக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் பிள்ளைகள் அந்த பெஞ்சுக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். வண்டியைக் கொடுக்கப் போகிறோம் என்றபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி, “அடுத்த வண்டியில பத்துப் பேர் உக்காரலாமா?” இன்று ஷோரூமில் இருக்கும் கார்களில் அந்தக் கேள்விக்கு ஆமாம் சொல்பவை அபூர்வம்.

இனி ரிப்பேர். கிளட்ச் பிளேட், வாட்டர் பாடி, டைனமோ, டை ராடு எண்ட், பால் ஜாயின்ட், புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ், பட்டா புஷ் எல்லாம் காலத்துக்குக் காலம் வரும். எந்த வண்டிக்கும் வருவதுதான். இதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது டைமிங் பெல்ட். செயின் இல்லை, ரப்பர் பெல்ட். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். ஓடுகிற வண்டியில் அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடித்து ஹெட்டோடு போகும். பழைய வண்டி வாங்குகிறவர், விற்பவர் என்ன சொன்னாலும் சரி, முதல் வேலையாக அதை மாற்றிவிடுவது நல்லது.

இரண்டாவது சூடு. இந்த வகை ஹெட் சூட்டைத் தாங்காது. நம் பக்கத்துப் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிப் பழகிய வண்டிகளில் உள்ளே உப்புப் படிந்து குழாய்கள் அடைத்துக்கொள்ளும். ஒருநாள் ஏற்றத்தில் முள் மேலே போகும், ஹெட் பேக்கிங் எரியும். லேத்தில் ஹெட் ஃபேஸிங் போட்டுச் சமாளிக்கலாம். வால்வுகளுக்கு நடுவே வெடிப்பு விட்டிருந்தால் வேறு ஹெட் தேட வேண்டியதுதான். கூலண்டுக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இந்த வண்டியின் பக்கம் வர வேண்டாம்.

மூன்றாவது டீசல் பம்ப். உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் வயசானால் கெட்டியாகிக் கசியும். நாசிலும் பம்பும் சர்வீஸ் செய்யத் தெரிந்த பம்ப் கடை ஒன்று ஊரில் இருந்தால் கவலை இல்லை. கறும்புகை வந்தால் உடனே இஞ்சினைப் பிரிக்கச் சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள். முதலில் நாசிலைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாகங்களுக்குப் பஞ்சமில்லை. சென்னை ஜி.பி. ரோட்டில் புதுசு கிடைக்கும், புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும். இந்தத் தாராளம்தான் ஆளை மயக்குகிறது. ஒவ்வொரு முறை பில் வரும்போதும் ‘புது வண்டியின் மாதத் தவணையைவிடக் குறைவுதானே’ என்ற கணக்கு தானாக மனசில் ஓடும். கணக்கு சரியானதுதான். ஆனால் அது இஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் போடுகிற கணக்கு. ஒரு வண்டியில் கழற்றி மாட்ட முடியாத பாகம் ஒன்று உண்டு. அதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

பட்டா புஷ் மாற்றுவதற்காக வண்டியை லிஃப்டில் ஏற்றியிருந்தோம். மெக்கானிக் சுத்தியலின் பின்பக்கத்தால் சேஸிஸை முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று வந்த சத்தம் பின்சக்கரத்துக்கு மேலே, பட்டா தொங்குகிற கொக்கி பிடித்திருக்கும் இடத்தில் சொத்தென்று அமுங்கியது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். தகடு ஏடு ஏடாகப் பெயர்ந்து அவர் தோளில் கொட்டியது. மறுபக்கமும் தட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இஞ்சின் நல்லா இருக்குதுங்க. வண்டிதான் இல்லீங்க.”

வெல்டிங் வைக்க முடியாதா என்று கேட்டோம். “வெப்பாங்க. நானே வெச்சுக் குடுத்திருக்கேன், சந்தைக்குக் காய் ஏத்தற வண்டிக்கு. நீங்க குழந்தைகளை ஏத்தறீங்களே.” பட்டா கொக்கியில்தான் பின்பக்கத்து எடை முழுவதும் உட்காருகிறது. துரு தின்ற தகட்டின் மேல் புதுத் தகட்டை ஒட்டினால், ஒட்டின இடம் நிற்கும். அதன் ஓரத்தில் மெலிந்து நிற்கும் பழைய தகடு அடுத்த பள்ளத்தில் கிழியும். சேஸிஸ் முழுவதையும் மாற்றலாம்தான். அதற்கு சேஸிஸ் நம்பர், ஆர்.டி.ஓ. அனுமதி என்று வேறொரு படலம் தொடங்கும். அந்தச் செலவுக்கும் அலைச்சலுக்கும் இந்த வயசு வண்டியில் பொருளில்லை.

சட்டப்படி எங்களுக்கு எந்த நெருக்கடியும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். டெல்லியில்தான் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்குத் தடை என்று உத்தரவு போட்டார்கள். தமிழ்நாட்டில் பதினைந்து வருஷம் முடிந்ததும் எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து வருஷமாக ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரலில் புதுப்பிக்கும் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். இருபது வருஷம் தாண்டிய காருக்கு 2025-ல் அது 10,000 ஆனது. எங்கள் ஆர்.சி.யில் இன்னும் காலம் மிச்சம் இருந்தது. தாள் அனுமதித்தது, தகடு அனுமதிக்கவில்லை.

துரு இல்லாத குவாலிஸ் கிடைத்தாலும் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எங்கள் வண்டியில் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. பக்கவாட்டு பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளுக்கு பெல்ட் இல்லை. 2003-ல் அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. அன்றைய இரண்டு வழிச் சாலை இப்போது நாலு வழி, ஆறு வழி. பக்கத்தில் 120-ல் பறக்கிற வண்டிகளுக்கு நடுவே 80-ல் ஊர்ந்து போக வேண்டியிருக்கிறது. புகையும் அப்படித்தான். 2020 ஏப்ரலில் இருந்து பங்கில் கிடைப்பது பத்து பி.பி.எம். கந்தகம் மட்டுமே உள்ள பி.எஸ். 6 டீசல். எரிபொருள் சுத்தமானாலும் புகைக்கரியை வடிகட்ட இந்த வண்டியில் எதுவும் இல்லை. எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள் என்று அறிய, டொயோட்டாவே 2023-ல் டீசல் மேனுவலாக மட்டும் திரும்பக் கொண்டுவந்த இன்னோவா கிரிஸ்டாவைப் பாருங்கள்: இஞ்சின் 2,393 சிசி, குவாலிஸைவிடச் சற்றுச் சின்னது, திறன் 150, அப்படியே இரண்டு மடங்கு. விலையும் கை கடிக்கும், பழுது வந்தால் சுத்தியலும் ஸ்பேனரும் உதவாது.

விற்பதா, அழிப்பதா என்பதில் வீட்டில் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. வந்து பார்த்த புரோக்கர் இரும்பு விலையைவிட நல்ல தொகையே சொன்னார். அடியில் இருக்கும் துருவைக் காட்டினோம். “அடியில கறுப்பு பெயின்ட் அடிச்சு விட்டா தெரியாது சார்” என்றார். அந்த வார்த்தையோடு விற்கும் எண்ணத்தைக் கைவிட்டோம். இஞ்சினை மட்டும் தனியாகக் கொடுங்கள் என்று மெக்கானிக்கும் கேட்டுப் பார்த்தார். ஆர்.சி.யில் இஞ்சின் நம்பரும் இருக்கிறது என்பதால் கழற்றாமல் முழு வண்டியாகவே ஒப்படைத்தோம். தன் காலிலேயே ஓடிப்போய்ச் சேர்ந்தது. வழியில் ஒரு இடத்திலும் இருமவில்லை. அங்கே எடை போட்டு இரும்புக் கணக்கில் காசு கொடுத்தார்கள்.

சரி, ஒரு குவாலிஸ் விலைக்கு வருகிறது, வாங்கலாமா? தோட்டத்துக்கும் ஊருக்கும் போய்வர, சுமை ஏற்ற, கைப்பழக்கமுள்ள மெக்கானிக் பக்கத்தில் இருக்க வாங்கலாம். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போக என்றால் வேண்டாம். எதற்காக வாங்கினாலும் பானெட்டைக் கடைசியில் திறங்கள். இஞ்சின் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். முதலில் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். பட்டா கொக்கிகள், பாடியை சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்டுகளின் சுற்றுப்புறம், பின்சக்கரத்தின் மேல் வளைவு, கதவு ரப்பருக்குக் கீழே, கேரியர் பூட்டியிருந்த கூரை ஓரம், இவற்றைத் தட்டியும் குத்தியும் பாருங்கள். அடிப்பக்கம் மட்டும் புதுப் பெயின்டில் மினுமினுத்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

விற்பவர்களுக்கு: சாவியைக் கொடுத்ததோடு வேலை முடியாது. படிவம் 29, 30 போட்டுப் பெயர் மாற்றும் வரை சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் நீங்கள்தான். விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் பதிவில் பெயர் உள்ளவருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அழிக்கக் கொடுப்பவர்கள், அரசிடம் பதிவு பெற்ற மையமா என்று பார்த்து, வைப்புச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து வாங்கும் புது வண்டியின் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதியில் இடமிருக்கிறது, உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். ஃபாஸ்டேக்கை மூடிவிட்டு, பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, ஆர்.சி. ரத்தாகியிருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.