யார் சொல்லி இந்தச் சந்தேகம்?

கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒரு ஞாயிறு நாலைந்து பேர் கூடுகிறோம். கூட்டம் என்பது பெரிய வார்த்தை. போன தடவை பேச்சு தொல்காப்பியத்தின் காலத்தில் போய் நின்றது. வையாபுரிப் பிள்ளை அதைக் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்ததை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறவன் இல்லை. ஆனால் அவர் எழுப்பிய கேள்விகளுக்கு நாம் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை என்றேன். எங்களில் மூத்தவர், தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "யார் சொல்லித் தம்பி உனக்கு இந்தச் சந்தேகம்?"

சந்தேகம் சரியா தப்பா என்பதல்ல அவர் கேள்வி. அது எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. நான் பதில் சொல்லவில்லை. கீழே இறங்கி வீட்டுக்கு நடக்கிறபோதுதான், இதே கேள்வியை 1926ல் கெய்ரோவில் ஒரு பேராசிரியரிடம் ஒரு தேசமே கேட்டது நினைவுக்கு வந்தது.

அரபு அறிஞர்களைப் பற்றி நமக்கு இரண்டு சித்திரங்கள் உண்டு. ஒன்று, தபால்காரர். இந்திய எண்களையும் பஞ்சதந்திரத்தையும் கிரேக்கர்களின் தத்துவத்தையும் வாங்கி ஐரோப்பாவின் வாசலில் சேர்ப்பித்தவர். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதில் அவருக்குச் சம்பந்தமில்லை. இன்னொன்று, சாட்சி. நம்முடைய பழமைக்கு வெளியிலிருந்து வந்து சாட்சி சொல்பவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீக, உருதுத் துறையிலிருந்த எஸ். முஹம்மது ஹுஸைன் நயினார், தென்னிந்தியா பற்றி அரபு நூலாசிரியர்கள் எழுதியவற்றைத் திரட்டி 1942ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். மிகுந்த சிரத்தையோடு செய்யப்பட்ட வேலை. நம் கடற்கரையை அவர்கள் மஅபர் என்று அழைத்ததும், கொல்லம் வழியாகச் சீனத்துக்குக் கப்பல் போனதும் அதிலிருந்தும் அதைப் போன்றவற்றிலிருந்தும்தான் நம் சரித்திரப் புத்தகங்களுக்கு வந்தன. குறை நயினாருடையதல்ல, அவரைப் பயன்படுத்திய நம்முடையது. முத்தும் குதிரையும் துறைமுகமும் போதும் என்று நாம் எழுந்துவிட்டோம். அந்த மனிதர்கள் தங்கள் சொந்தப் புத்தகங்களை எப்படிப் படித்தார்கள் என்று கேட்கவில்லை.

அவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதற்கு ஒரு உதாரணம். பஸ்ராவில் சுமார் 965ல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம் ஒளியியலின் பெயரால் எல்லோருக்கும் தெரிந்தவர். அவர் எழுதிய இன்னொரு நூலின் தலைப்பே 'தாலமி மீதான ஐயங்கள்'. தாலமியின் வானியல் அன்றைக்கு வேதவாக்கு. கோள்கள் ஒரே சீரான வேகத்தில் வட்டமாகச் சுற்றுகின்றன என்பது அதன் அடிப்படை. ஆனால் கணக்கைச் சரிக்கட்ட, வட்டத்தின் மையமல்லாத வேறொரு புள்ளியிலிருந்து பார்த்தால்தான் வேகம் சீராகத் தெரியும்படி தாலமி ஒரு ஏற்பாடு செய்துவைத்திருந்தார். தன் அடிப்படையைத் தானே மீறும் இந்த இடத்தை இப்னுல் ஹைதம் விடவில்லை. காகிதத்தில் ஒத்துவருகிற வட்டம் வானத்தில் ஒரு உடலாக எப்படி ஓடும் என்று கேட்டார். நூலின் முன்னுரையில் அவர் சொல்வது இன்னும் முக்கியம்: முன்னோரின் நூல்களை நம்புகிறவன் உண்மையைத் தேடுகிறவன் அல்ல, தான் படிப்பதற்கெல்லாம் எதிரியாக நின்று எல்லாப் பக்கமிருந்தும் தாக்கிப் பார்க்க வேண்டும், அப்படிச் செய்யும்போது தன்னையும் சந்தேகிக்க வேண்டும். இந்த அரபு மூலத்தைப் பதிப்பித்து 1971ல் கெய்ரோவில் வெளியிட்ட இருவரில் ஒருவர் அப்துல் ஹமீத் ஸப்ரா. எகிப்தியர், பின்னாளில் ஹார்வர்டில் பேராசிரியர். கிரேக்க அறிவை அரபு உலகம் சும்மா பெற்றுக்கொள்ளவில்லை, கைப்பற்றித் தன்னுடையதாக்கிக்கொண்டது என்று 1987ல் ஒரு கட்டுரை எழுதித் தபால்காரச் சித்திரத்தைக் கிழித்தவர் அவர்தான்.

இனி தாஹா ஹுஸைன். 1889ல் மேல் எகிப்தில் ஒரு கிராமத்தில் பிறந்து, கிராமத்து வைத்தியத்தால் குழந்தையாக இருக்கும்போதே பார்வையை இழந்தவர். அல் அஸ்ஹரில் பழைய படிப்பு. பிறகு புதிதாகத் தொடங்கிய எகிப்தியப் பல்கலைக்கழகம், 1914ல் கவி மஅர்ரியைப் பற்றிய ஆய்வுக்கு டாக்டர் பட்டம். பாரிஸில் இப்னு கல்தூன் பற்றி இன்னொன்று. 1926ல் அவர் வெளியிட்ட 'ஜாஹிலிக் கவிதை பற்றி' என்ற புத்தகம் சொன்னது இவ்வளவுதான்: இஸ்லாத்துக்கு முந்தியவை என்று நாம் கொண்டாடும் கவிதைகளில் மிகப் பெரும்பகுதி முந்தியவை அல்ல, பின்னால் செய்து முன்னோர் தலையில் கட்டப்பட்டவை.

நமக்கு இதன் கனம் உடனே தெரியாது. புறநானூறும் குறுந்தொகையும் கி.பி. எட்டாம் நூற்றாண்டில் யாரோ உட்கார்ந்து இயற்றியவை என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? (சொல்லியிருக்கிறார்கள். ஹெர்மன் டீக்கன் என்ற டச்சுக்காரர் 2001ல் ஏறக்குறைய இதையே எழுதினார்.) அரபியில் இன்னும் ஒரு சிக்கல். மறைநூலின் சொற்களுக்குப் பொருள் காண இந்தக் கவிதைகளைத்தான் உரைகாரர்கள் ஆதாரம் காட்டுவார்கள். அங்கே கை வைத்தால் எங்கெங்கோ ஆடும். போதாததற்கு, இப்ராஹீம் நபியும் இஸ்மாயீலும் வேதங்களில் சொல்லப்பட்டிருப்பது மட்டுமே அவர்கள் சரித்திரத்தில் இருந்ததற்கு நிரூபணம் ஆகாது என்றும் ஓரிடத்தில் எழுதிவிட்டார். அஸ்ஹர் கொதித்தது, பாராளுமன்றம் கொதித்தது. மார்கோலியத் என்ற ஆங்கிலேயர் 1925ல் இதே கவிதைகளின் மேல் சந்தேகம் கிளப்பி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதைத்தானே காப்பியடித்தாய் என்றார்கள். யார் சொல்லி இந்தச் சந்தேகம்?

புத்தகத்தைப் புத்தகமாகப் பார்க்கலாம். அரபு எனக்குத் தெரியாது, ஆங்கில வழியாகத்தான் பேசுகிறேன். அதன் பலம் மொழி பற்றிய வாதம். தெற்கே யமன் பக்கத்து மொழி வேறு, வடக்கே குறைஷிகளின் மொழி வேறு. அப்படியிருக்க, தென்வழி வந்தவன் என்று சொல்லப்படும் இம்ருல் கைஸ் எப்படி வடக்கத்தி மொழியில் இவ்வளவு வழுவழுப்பாகப் பாடினான்? நல்ல கேள்வி. பலவீனமான இடமும் உண்டு, அது பெரியது. பொய்யாகக் கட்டுவதற்கு யார் யாருக்கு என்னென்ன காரணம் இருந்தது என்று அடுக்குகிறார்: குலப் பெருமை, அரசியல், மதம், கதைசொல்லிகளின் பிழைப்பு, பாடல்களை மனப்பாடமாகக் காத்தவர்களின் சாமர்த்தியம். எல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் திருட ஆசை இருந்தது என்பது திருடினான் என்பதற்குச் சாட்சி ஆகாது. நான் கவுண்டரில் உட்கார்கிறவன். நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன்; கொடுத்தவர் முகத்தைப் பார்த்துக் கள்ள நோட்டு என்று தீர்மானித்தால் வேலை போய்விடும். தாஹா ஹுஸைன் பல பக்கங்களில் முகத்தைத்தான் பார்க்கிறார்.

இதை என்னைவிட நன்றாகச் சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் விமர்சகர் அல்ல, அரசு வழக்குத்துறை அதிகாரி. புகார்கள் முஹம்மத் நூர் என்பவரிடம் விசாரணைக்குப் போயின. அவர் புத்தகத்தை வரிவரியாகப் படித்தார். வாதங்களை எடுத்துக்கொண்டு, இங்கே தர்க்கம் நிற்கவில்லை, இங்கே ஊகம் முடிவாகிவிட்டது என்று ஆசிரியரோடு மல்லுக்கட்டினார். கடைசியில், எழுதியவர் தவறியிருக்கலாம், ஆனால் ஆராய்ச்சிக்காகவே எழுதினார், குற்ற நோக்கமில்லை என்று 1927 மார்ச்சில் கோப்பை மூடினார். ஒருவரைத் தப்பு என்றும் சொல்லி விடுவிக்கவும் செய்த அந்த அறிக்கையை நான் விமர்சனக் கட்டுரை என்றே கொள்கிறேன். நம் ரசனை விமர்சனத்தில் அந்தத் தராதரத்துக்கு எத்தனை கட்டுரை தேறும் என்று எண்ணிப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

ஆனாலும் அந்தப் புத்தகம் அந்த உருவில் நிற்கவில்லை. பிரச்சினைக்குரிய அத்தியாயத்தை எடுத்துவிட்டு, வேறு பலவற்றைச் சேர்த்து, 1927ல் வேறு தலைப்பில் வந்தது. 1932ல் அவரிடமிருந்து புலத் தலைவர் பதவியைப் பறித்தார்கள். பல்கலைக்கழகத்தின் தலைவர் லுத்ஃபி அஸ்ஸய்யித் அதை எதிர்த்து ராஜினாமா செய்தார். பின்னாளில், 1950ல், அதே தாஹா ஹுஸைன் கல்வி மந்திரி. அது வேறு கதை.

இந்தச் சர்ச்சையின் அலை அடங்குவதற்குள், 1926-27ல், 'நாட்கள்' என்ற சுயசரிதத்தைப் பத்திரிகையில் தொடராக எழுதினார். அதில் 'நான்' கிடையாது. 'அந்தப் பையன்' என்று படர்க்கையில்தான் தன்னைச் சொல்கிறார். பழைய கவிதையைச் சந்தேகித்த அதே பருவத்தில் தன் நினைவுகளையும் இவன் யார் என்று தள்ளி நிறுத்திப் பார்த்தவர். இப்னுல் ஹைதம் கேட்ட இரண்டாவது பாதி இதுதான். வெறும் சண்டைக்காரரால் இது முடியாது.

வையாபுரிப் பிள்ளையிடம் வருகிறேன். அதே 1926ல்தான் அவர் வக்கீல் தொழிலை விட்டு வந்து சென்னையில் தமிழ்ப் பேரகராதிக்குப் பதிப்பாசிரியரானார். இரண்டு ஊர்களுக்கும் சம்பந்தமில்லை; தற்செயல். ஆனால் வேலை ஒன்று. பழந்தமிழ் நூல்களின் சொற்களையும் இலக்கண வடிவங்களையும் கடன்சொற்களையும் வைத்து எது முன், எது பின் என்று அடுக்கினார். சிலப்பதிகாரம் கீழே வந்தது, குறள் கீழே வந்தது. தமிழ்ப் பகைவர் என்ற பட்டம் மேலே வந்தது. தாஹா ஹுஸைனின் ஓட்டமும் சங்கீதமும் அவர் எழுத்தில் இல்லை. வறண்ட நடை, வழக்கு ஆவணம் மாதிரி. கடன்சொல்லை வைத்துக் காலம் சொல்வதில் உள்ள ஆபத்தை அவர் போதிய அளவு உணரவில்லை என்பது என் எண்ணம். ஒரு சொல் எழுத்தில் ஏறிய நாளும் வாயில் ஏறிய நாளும் ஒன்றல்ல. ஆனால் அவர் நோட்டைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

நம் கதைசொல்லிகளும் சளைத்தவர்கள் அல்ல. இறையனார் களவியல் உரை முச்சங்கங்கள் நின்ற ஆண்டுகளைச் சொல்கிறது: 4440, 3700, 1850. கூட்டிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்குக் கை சும்மா இருக்காது. மூன்றும் 37ஆல் மீதமில்லாமல் வகுபடும். சரித்திரம் இவ்வளவு ஒழுங்காக வகுபடாது. இதைச் சொன்னால் சங்கக் கவிதை ஒரு வரியும் குறைந்துபோகாது. ஆனால் கதை குறைகிறது, கதை குறைந்தால் நமக்குக் கோபம் வருகிறது.

பெரியவரின் கேள்வியை நான் அற்பமாகக் கருதவில்லை. சந்தேகம் அதிகாரத்தின் கையிலும் ஒரு கருவிதான். மாநிலத் தொல்லியல் துறை 2019ல் கீழடி கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை போகிறது என்று அறிக்கை வெளியிட்டது. அங்கே முதலில் தோண்டிய அமர்நாத் ராமகிருஷ்ணாவின் அறிக்கையை மத்தியத் தொல்லியல் துறை 2025ல் திருத்தச் சொல்லித் திருப்பியது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறவர், சந்தேகிக்கிறவன் எந்தப் பக்கம் என்று கேட்காமல் எப்படி இருப்பார்? எட்வர்ட் சயீதை நாம் இவ்வளவு பிரியத்தோடு மேற்கோள் காட்டுவதும் இதனால்தான். 1978ல் வந்த அவருடைய கீழைத்தேயவியல் புத்தகம், மார்கோலியத் போன்றவர்களின் ஆராய்ச்சிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று காட்டியது. சயீத் பிறரைச் சந்தேகிக்கும்போது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. 1993 ஒப்பந்தத்துக்குப் பிறகு தம் தலைவர்களையே அவர் விளாசிய பக்கங்களை நம்மில் யாரும் மேற்கோள் காட்டி நான் பார்க்கவில்லை.

ஆனால் யார் சொல்லி என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகும் சந்தேகம் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதை வேறு விதமாகத்தான் எழுப்ப முடியும். நாஸிருத்தீன் அல் அஸத் என்ற ஜோர்டான்காரர் அதே கெய்ரோப் பல்கலைக்கழகத்தில் ஜாஹிலிக் கவிதையின் மூலாதாரங்களை எடுத்து டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்தார். 1956ல் நூலாக வந்தது. இஸ்லாத்துக்கு முன்பே அரபு மண்ணில் எழுத்து எவ்வளவு புழங்கியது, கவிதைகளில் எவை எழுத்தில் நின்றிருக்க முடியும், எந்தப் பாடகாவலனை எவ்வளவு நம்பலாம் என்று பொறுமையாகப் பிரித்தார். தாஹா ஹுஸைன் தூக்கி எறிந்ததில் பெரும்பகுதியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். பின்னால் 1970களில் மேற்கே சிலர் வாய்மொழிக் கவிதையின் இயல்பை வைத்து வேறு வழியில் கேள்வியையே மாற்றினார்கள். நம் கைலாசபதி 1968லேயே வீரயுகப் பாடல்களுக்கு அந்த அளவுகோலைப் பிடித்துப் பார்த்தவர். ஒரு காலத்தில் சாபமிட்டவர்களின் பெயர்கள் இன்று ஆராய்ச்சியாளர்களுக்குத்தான் தெரியும். அஸத் இல்லாமல் இன்று தாஹா ஹுஸைனைப் படிக்க முடியாது, தாஹா ஹுஸைன் இல்லாமல் அஸத் அந்தப் புத்தகத்தை எழுதியிருக்கவே முடியாது.

நமக்கும் இப்படிச் சில நடந்திருக்கின்றன. புகளூர்க் கல்வெட்டில் சேரல் இரும்பொறைகளின் மூன்று தலைமுறையை ஐராவதம் மகாதேவன் வாசித்துக் காட்டியபோது, பதிற்றுப்பத்தின் கீழே தரை கிடைத்தது. அவர் யாரையும் துரோகி என்று சொல்லி அதைச் செய்யவில்லை. வெயிலில் பாறைமேல் ஏறிப் படித்துச் செய்தார்.

இந்த ஞாயிறு மாடியில் இதையெல்லாம் சொன்னேன், இவ்வளவு கோர்வையாக அல்ல. பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. தொல்காப்பியத்தை யாரும் இறக்க வேண்டியதில்லை, அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்றார். கிளம்பும்போது படியில் நின்று, "தம்பி, அந்தக் கோப்பை மூடினாரே, அவர் பேர் என்ன சொன்னே?" என்று கேட்டார். சொன்னேன். பையிலிருந்து டயரியை எடுத்து எழுதிக்கொண்டார்.