பேய்க்கு விதித்த வயதெல்லை

தமிழ்ச் சினிமாவிலே 'வயது வந்தோர்க்கு மட்டும்' என்னும் 'ஏ' சான்றிதழை முதன்முதற் பெற்ற படம் 1951ஆம் ஆண்டு வெளிவந்த 'மர்மயோகி' என்பர். கே. ராம்நாத் இயக்கி எம்.ஜி.ஆர். நடித்த அப்படத்திலே ஆபாசம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. செருகளத்தூர் சாமா ஆவியுருவிலே தோன்றும் காட்சிகளே சான்றிதழுக்குக் காரணமாயின. அவ்வாவிதானும் மெய்யான ஆவியன்று. ஊர்வசியின் சூழ்ச்சியால் மாண்டதாகக் கருதப்பட்ட மன்னனே அவ்வாறு உலவுகிறான். அரியணைக்காக ஒரு மனிதனைக் கொல்ல முனைவது பேசப்படவில்லை. போலிப் பேயே பேசப்பட்டது. வயதுவழித் தரப்படுத்தல் எதனை அச்சமெனக் கொண்டது என்பதை ஆராயப் புகுவோர் இங்கிருந்தே தொடங்கலாம்.

தரப்படுத்தல் என்பது கோட்பாட்டளவிலே வெட்டுக்கு மாற்றானது. சிறுவரைக் காக்க வேண்டுமாயின் படத்தைச் சிதைக்காது பார்வையாளரை வகுத்தாற் போதும் என்பதே அதன் நியாயம். இந்தியாவில் 'யு', 'ஏ' என்றிருந்த பிரிவுகளுக்கிடையே 1983இல் 'யுஏ' சேர்ந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 7, 13, 16 என மூன்று படிகளாக்கியது. எனினும் சான்றிதழானது காலப்போக்கிலே விலைச்சீட்டாயிற்று. 'ஏ' பெற்ற படம் அந்நிலையிலேயே தொலைக்காட்சிக்குச் செல்ல முடியாது; வெட்டி, மறுசான்றிதழ் பெற்றாக வேண்டும். தமிழ்நாட்டரசு 2011இலே கேளிக்கை வரிவிலக்குக்கு 'யு' சான்றிதழை நிபந்தனையாக்கியது. 2017இலே சரக்கு சேவை வரி வரும்வரை அந்நிலை நீடித்தது. குழந்தையை அழைத்துவரும் குடும்பமே கொட்டகையை நிரப்புவது என்ற வணிகக் கணக்கும் உடனிருந்தது. பேயைக் காட்டவும் வேண்டும், பேய்ப்படம் பெரியோர்க்கு மட்டுமென ஆகிவிடவுங் கூடாது என்ற இக்கட்டிலே நகைச்சுவை துணைக்கு வந்தது. 'முனி' (2007), 'காஞ்சனா' (2011), 'அரண்மனை' (2014) என நீளும் வரிசையின் பெருக்கத்துக்கு இது முழுக்காரணமன்று. ஆயினும் புறக்கணிக்கத்தக்க காரணமுமன்று.

'காஞ்சனா'வை எடுத்துக்கொள்வோம். ஏழைகளுக்கு மருத்துவமனை கட்டுவதற்கென ஒரு திருநங்கை வாங்கிய காணியை அரசியல்வாதி ஒருவன் அபகரிக்கிறான். தட்டிக் கேட்ட அவளையும், அவளுக்குப் புகலளித்த முதியவரையும், அவர் மகனையும் கொல்கிறான். படத்தின் மெய்யான திகில் இதுவே. ஆனால் பாதிப் படத்தைக் கடந்த பின்னரே, பழங்கதையாக இது வருகிறது. அதற்குள் கோவை சரளாவின் அலறலும் ஓட்டமும் பார்ப்போரைச் சிரிக்கப் பழக்கிவிடுகின்றன. 2017இலே கேப்பாப்புலவில் தங்கள் காணிகளைக் கேட்டுத் தெருவோரம் அமர்ந்திருந்தவர்களைக் கண்ட ஒருவர் இப்படத்தைத் தொலைக்காட்சியிலே பார்க்கையில், காணி பறிபோவதற்குப் பேயைத் தவிர வேறு நீதிபதி இல்லையா என்று கேட்கவே செய்வார். வன்முறை குறைக்கப்பட்டதென்பதை விட, அதன் சமூகக் காரணம் மங்கலாக்கப்பட்டதென்பதே பொருந்தும். திருநங்கையொருத்தியின் துயரம் சிறுவரின் இரக்கத்தையும் எட்டியது அந்தக் குடும்பச் சிரிப்பின் வழியாகவே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இலங்கையிலே நிலைமை வேறு வகையானது. இங்கே தணிக்கைச் சபையின் அடித்தளம் 1912ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். அசோக ஹந்தகமவின் 'அக்ஷரய' சபையிடம் வயது வந்தோர்க்கான அனுமதியைப் பெற்ற பின்னரும், 2006இலே அரசினால் தடுக்கப்பட்டது. வயதெல்லையை ஏற்றுக்கொண்ட கலைஞனுக்கு அவ்வெல்லைக்கு அப்பாலும் இடமில்லை என்றாயிற்று.

வன்னி வாசகர்க்கு இவ்விவாதம் முள்ளிவாய்க்காலைத் தொடாமல் முடியாது. புனைவுத் திகிலுக்கு ஏழு வயதா, பதின்மூன்றா எனப் படிகள் வகுக்கும் அமைப்பு, நிகழ்ந்த திகிலை எப்படி எதிர்கொண்டது? பிரித்தானியாவின் சனல் 4, 2011 ஜூன் 14 அன்று 'இலங்கையின் கொலைக்களங்கள்' என்னும் விவரணப்படத்தை முன்னெச்சரிக்கையுடன் இரவு பதினொரு மணியளவில் ஒளிபரப்பியது. சிறுவர் உறங்கியிருக்கக்கூடிய வேளை. பெரியோர் விரும்பினாற் காணலாம். தரப்படுத்தலின் நியாயம் அங்கே செயற்பட்டது எனலாம். அதன் தொடர்ச்சியாகக் கலம் மக்ரே 2013இலே உருவாக்கிய 'நோ ஃபயர் சோன்' இந்தியத் தணிக்கை வாரியத்தின் முன் சென்றபோது, 2014இலே, 'ஏ' சான்றிதழுங்கூட மறுக்கப்பட்டது. காட்சிகள் மனத்தைக் குலைப்பன என்பது ஒரு காரணம். இலங்கையுடனான நட்புறவு பாதிக்கப்படலாம் என்பது மற்றொன்று. முதற்காரணம் மட்டுமே உண்மையாயிருந்தால் அதற்கு மருந்து 'ஏ' என்னும் எழுத்திலேயே இருந்தது. இரண்டாவது காரணத்துக்கு எந்த வயதும் போதாது. அறுபது வயதினரும் அங்கே சிறுவரே.

புதுக்குடியிருப்பு மருத்துவமனையிலும் பதுங்குகுழிகளிலும் அக்காட்சிகளின் மூலத்தைக் கண்டவர்களுட் பலர் பள்ளிச் சிறுவர். அவர்களிடம் எவரும் வயது கேட்கவில்லை. சான்றிதழ் மறுக்கப்பட்டதும், படத்தை உருவாக்கியோர் அதனை இந்தியப் பார்வையாளர்க்கென இணையத்திலே இலவசமாகத் திறந்துவிட்டனர். நுழைவாயிலிலே நின்று சீட்டைக் கிழிக்கும் காவலர் எவருமில்லாத கொட்டகை அது.