ஒரே அழுத்தில்

2008-இல் கேனன் நிறுவனம் ஜி10 என்ற கையடக்கக் கேமராவை 14.7 மெகாபிக்சலோடு இறக்கியது. அடுத்த வருடம் அதன் வாரிசாக ஜி11 வந்தபோது பெட்டியின் மேல் அச்சாகியிருந்த எண் 10. எண்ணைப் பார்த்தே கேமரா வாங்கிப் பழகியவர்கள் குழம்பிப் போனார்கள். சாயங்கால வெளிச்சத்தில் படமெடுத்து நொந்தவர்களோ 'அப்பாடா' என்றார்கள். சுண்டுவிரல் நகமளவு சென்சாரில் ஒன்றரைக் கோடிப் புள்ளிகளைத் திணித்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கிற வெளிச்சம் சுருங்கிவிடும். நிழல் விழுந்த இடமெல்லாம் பொரிப்பொரியாய்ப் பூத்துப் போகும். மெகாபிக்சல் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெரிய கம்பெனி, நடுவழியில் நின்று திரும்பி நடந்த தருணம் அது.

அதற்குப் பிறகு விவரம் தெரிந்தவர்கள் கேட்கத் தொடங்கியது சென்சாரின் பரப்பை. மலிவுக் கேமராக்களில் இருப்பது ஏறக்குறைய 6.2 x 4.6 மில்லிமீட்டர். 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100-இல் 13.2 x 8.8, பரப்பில் நான்கு மடங்கு. இதை 240 கிராம் உடம்புக்குள் அடைத்தது சாதாரண வேலையில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அது எனக்குக் கையில் ஒட்டவில்லை. முன்பக்கம் வழுவழுவென்று விரலுக்குப் பிடி கிடைக்காது. அதற்கென்றே சோனி ஒரு ஒட்டுப்பிடியைத் தனியாக விற்றது. லென்ஸைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எஃப்1.8 என்பது அகலக் கோணத்துக்கு மட்டும்தான். ஜூமை முழுக்க இழுத்தால் எஃப்4.9 ஆகிவிடும், உள்ளே வரும் வெளிச்சம் ஏழில் ஒரு பங்குதான். கடைக்காரர் முதல் எண்ணைத்தான் சொல்வார். இரண்டாவது எண்ணை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சென்சாரும் லென்ஸும் படம் விழுந்த பிறகு பேசுகிற சமாச்சாரங்கள். நான் கையடக்கக் கேமராவை மதிப்பது அதற்கு முந்தைய ஒரு நொடியை வைத்து. பையிலிருந்து எடுத்து, உயிர்ப்பித்து, பட்டனை அழுத்தி, படம் விழுகிறவரை கேமரா நம்மை எங்கே காக்க வைக்கிறது என்பதுதான் கேள்வி. இந்தத் தேர்வில் எனக்குத் தெரிந்து முதல் மதிப்பெண் வாங்குவது ரிக்கோவின் ஜிஆர்.

இது ஃபிலிம் காலத்துப் பரம்பரை. 1996-இல் ஜிஆர்1 வந்தது: மெக்னீசியக் கலவை உடம்பு, 28 மி.மீ. எஃப்2.8 லென்ஸ். சட்டைப்பைக் கேமராவின் அந்த லென்ஸ் எவ்வளவு நன்றாக அமைந்ததென்றால், லைக்கா உடம்பில் திருகி மாட்டும்படி அதைத் தனி லென்ஸாகவே ரிக்கோ வெளியிட்டது. டோக்கியோவின் ஷின்ஜுகு தெருக்களைக் கரடுமுரடான கறுப்பு வெள்ளையில் எடுத்த டைடோ மோரியாமா ஃபிலிமிலும் பிறகு டிஜிட்டலிலும் இந்த வரிசையையே கையில் வைத்துக்கொண்டு திரிந்தார். 2005-இல் டிஜிட்டலுக்கு மாறியபோது சென்சார் சின்னது. 2013-இல்தான் டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரை ஏறக்குறைய அதே அளவு உடம்புக்குள் கொண்டுவந்தார்கள். ஜூம் கிடையாது. வ்யூஃபைண்டரும் கிடையாது.

2019-இல் வந்த ஜிஆர் மூன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பேட்டரி, கார்டு சேர்த்து 257 கிராம். நடுவிரல் போய் உட்கார ரப்பர் போர்த்திய ஒரு மேடு. ஆட்காட்டி விரலுக்கு ஷட்டர், அதையொட்டி ஒரு சக்கரம். மிச்சப் பட்டன்கள் பெரும்பாலும் வலது கட்டைவிரல் எட்டுகிற தூரத்துக்குள். இடது கையில் குடையோ காய்கறிப் பையோ இருக்கலாம். கேமராவுக்கு அது ஒரு பொருட்டில்லை. ஆன் செய்தால் லென்ஸ் முன்னால் வந்து தயாராக 0.8 நொடி.

சாதாரணமாக எந்தக் கேமராவிலும் பட்டனைப் பாதி அழுத்தினால் அது ஃபோகஸைத் தேடும். முழுக்க அழுத்தினால் படம். பூக்கடையில் முழம் போடுகிற அம்மாவின் கை சரத்தோடு நீண்டிருக்கும் நேரம் கண்ணிமைப்புதான். கேமரா ஃபோகஸைத் துழாவி முடிப்பதற்குள் கை மடங்கி, பூ இலைக்குள் போயிருக்கும். ஜிஆரில் 'ஸ்னாப் ஃபோகஸ்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. 1 மீட்டர், 1.5, 2, 2.5, 5 என்று ஒரு தூரத்தை முன்கூட்டியே குறித்து வைத்துவிடலாம். பாதியில் நிற்காமல் ஒரே அழுத்தாக அழுத்தினால் கேமரா எதையும் தேடாது; குறித்த தூரத்துக்கு நேராகத் தாவிப் படத்தை எடுத்துவிடும். இது ஏதோ குருட்டடி என்று நினைக்க வேண்டாம். 28 மி.மீ. கோணம் தந்தாலும் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 18.3 மி.மீ. எஃப்8-இல் 2 மீட்டருக்கு வைத்தால், கணக்குப்படி சுமார் 1 மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை துலக்கமாக விழும். பூக்காரம்மா, பின்னால் பேரம் பேசுகிறவர், அதற்கும் பின்னால் ஓரம்கட்டுகிற ஆட்டோ, எல்லாம் அதற்குள் அடக்கம். செல்போன் கேமராக்கள் இத்தனை வளர்ந்த பிறகும், இந்த ஒரு வசதிக்காகவே தனியாக ஒரு கேமராவைச் சுமக்கலாம் என்பேன்.

ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சத்தம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதனால் வேறொரு லாபமும் உண்டு. உச்சி வெயிலில், 1/1000 நொடி வேகத்திலும் ஃபிளாஷ் சேர்ந்து எரியும். வேப்பமர நிழலில் நிற்கிறவர் முகம் கறுத்துப் போகாது. கொடுமை என்னவென்றால், 2013 மாடலிலும் 2015-இல் வந்த ஜிஆர் இரண்டிலும் உடம்போடு இருந்த ஃபிளாஷை மூன்றில் எடுத்துவிட்டார்கள். இடம் போதவில்லையாம். நிழலோரப் படங்களில் பிரியமுள்ளவர்கள் பழைய அந்த இரு மாடல்களையே தேடிப் பிடிப்பதில் நியாயம் இருக்கிறது.

குறைகள் வேறும் உண்டு. மூன்றின் பேட்டரி 200 படத்தோடு மூச்சு வாங்கும். மாற்றுப் பேட்டரி இல்லாமல் வெளியே கிளம்ப முடியாது. அதைவிடப் பெரிய தலைவலி தூசி. லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் காற்றை இழுக்கிறது, காற்றோடு தூசியும் போய் சென்சாரில் உட்காருகிறது. லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால் நாமே ஊதித் துடைக்க வழியில்லை. உடம்பைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். பழைய ஜிஆர் வாங்கப் போகிறவர் எஃப்16 வைத்து வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்க்கட்டும். சாம்பல் பொட்டுகள் தெரிந்தால் பேரத்தை அங்கிருந்து தொடங்கலாம், அல்லது எழுந்து வந்துவிடலாம். நாலைந்து தடவை ஆன் செய்து அணைத்து, லென்ஸ் நறநறக்காமல் போய் வருகிறதா என்று காதை வைத்தும் கேட்க வேண்டும்.

28 மி.மீ. கோணத்தில் முகத்தைக் கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெருத்துவிடும். ஆட்களையே அதிகம் எடுப்பவர்களுக்கு 2021-இல் வந்த மூன்று-எக்ஸ் இருக்கிறது. அதில் 40 மி.மீ. கோணம். வீட்டு விசேஷம், பேரன் பேத்தி, பள்ளி ஆண்டு விழா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் ஜிஆர் பேச்சையே எடுப்பதில்லை. கூடத்துக்குள் எடுக்க 2014-இல் வந்த ஆர்எக்ஸ்100 மூன்றாம் மாடல் போதும். 24-70 ஜூம், இழுத்த பிறகும் எஃப்2.8-க்குக் கீழே போகாது. மேடை தூரத்தில் இருந்தால் 200 மி.மீ. வரை நீளும் ஆறாம் மாடல். எதை வாங்கினாலும் அந்த ஒட்டுப்பிடிக்கும் சேர்த்துக் காசு எடுத்து வையுங்கள்.