குதிரை நிலையும் கூம்புகளும்

சீனப் புத்தாண்டை ஒட்டிச் சிங்கப்பூர்ச் சைனாடவுனின் கிரேத்தா ஆயர் சதுக்கத்தில் அனைத்துலகச் சிங்க நடனப் போட்டி நடப்பது வழக்கம். இருவர் ஒரு சிங்கத்துக்குள் புகுந்து, கம்பத்துக்குக் கம்பம் தாவுவார்கள். கம்பத்தின் உச்சியில் இருக்கும் வட்டத்தட்டு ஓரடிக்குச் சற்றே கூடுதலான அகலம்தான். உயரமான கம்பங்கள் ஆளுயரத்தைத் தாண்டும். கூட்டம் தாவலைப் பார்த்துக் கைதட்டுகிறது. பார்க்க வேண்டியது பின்னால் இருப்பவரின் தொடையை. வால் பகுதியில் குனிந்தபடியே இருக்கும் அவர்தான் முன்னவரை இடுப்புவாரைப் பிடித்துத் தூக்குகிறார், தன் தொடைமேல் நிறுத்துகிறார், சேதமில்லாமல் இறக்குகிறார். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி அவர் நிற்பதற்குக் குதிரை நிலை என்று பெயர். குழுவில் புதிதாகச் சேர்பவருக்குச் சிங்கத்தலை உடனே கிடைக்காது. முதலில் தரையில் இந்த நிலை, பிறகு பெஞ்சு, பிறகு தாழ்ந்த கம்பம்.

அடிப்படை அசைவுகள் கைவந்த பிறகே சிக்கலான திறனுக்குப் போக வேண்டும் என்ற கொள்கைக்கு இதைவிட வலுவான சாட்சி கிடைக்காது. அந்தச் சாட்சியை வைத்தே எல்லா விளையாட்டையும் அளக்கலாமா என்பதுதான் கேள்வி.

தமிழர்களான நமக்கும் இந்தக் கொள்கை புதிதல்ல. 1952இல் இங்கு வந்து நடனப்பள்ளி தொடங்கிய கே.பி. பாஸ்கர் காலத்திலிருந்து, 1977இல் அப்சரஸ் ஆர்ட்ஸைத் தொடங்கிய கலாக்ஷேத்திரா நடனப்பள்ளியில் பயின்ற நீலா சத்தியலிங்கம் வழியாக, சிங்கப்பூரில் பரதம் தட்டடவில்தான் தொடங்குகிறது. முழங்காலை மடக்கி அரைமண்டி நில்லாத பிள்ளைக்கு வர்ணம் என்னும் பெரிய உருப்படி இல்லை. ('அரங்கேற்றம் எப்போது?' என்று முதல் மாதமே கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.)

பள்ளிகளும் இதே வழியில்தான் போகின்றன. கல்வி அமைச்சின் 2014 உடற்கல்விப் பாடத்திட்டம் தொடக்கநிலையின் கீழ்வகுப்புகளில் ஓடுதல், தாண்டுதல், எறிதல், பிடித்தல் போன்ற அடிப்படைகளுக்கே முதலிடம் தந்தது. அதற்குத் தேவை இருக்கிறது. தேசியக் கல்விக் கழகத்தின் ஸ்வரூப் முகர்ஜி குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த அசைவுகளில் சராசரி அல்லது அதற்கும் கீழ்.

கொள்கைக்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுபவை இரண்டு. ஒன்று, அமெரிக்கரான சீஃபெல்ட் 1980இல் முன்வைத்த 'தேர்ச்சித் தடை': அடிப்படையில் ஓர் அளவை எட்டாத பிள்ளை விளையாட்டுத் திறனுக்குள் நுழைய முடியாது என்பது. அது ஓர் ஊகம். அந்த அளவு எது என்று அவர் கோடு கிழிக்கவில்லை. மற்றது, பார்னெட் குழு ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளைப் பதின்பருவம் வரை தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு. சிறுவயதில் பந்தைக் கையாளத் தெரிந்தவர்கள் பின்னாளில் உடலியக்கத்தில் அதிகம் ஈடுபட்டார்கள். ஆனால் ஓடுதல், தாண்டுதல் திறன் அப்படி எதையும் முன்னறிவிக்கவில்லை. 'எல்லா அடிப்படையும்' என்ற வாதத்துக்கு இந்த ஆய்வு பாதிதான் துணை.

எதிர்வாதம் வெளியிலிருந்து வரவில்லை. அதே தேசியக் கல்விக் கழகத்திலிருந்தே வருகிறது. நுட்பத்தைத் தனியே பழக்குவதற்குப் பதில் ஆட்டத்தின் வழியாகவே கற்பிக்கும் அணுகுமுறை 1999இலேயே நம் பள்ளிகளுக்குள் வந்துவிட்டது. கழகத்தின் சௌ ஜியா யீ அதற்கும் அப்பால் போனார். அவரும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட சோதனையில் சுமார் பத்து வயதுச் சிறுமிகள் 24 பேர் நான்கு வாரம் டென்னிஸில் முன்கை அடி பழகினார்கள். ஒரு குழுவுக்குச் சரியான அசைவு இதுதான் என்று காட்டித் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்கள். மற்றதற்கு வலை, ஆடுகளம், மட்டை, பந்து போன்றவற்றை மாற்றிக்கொடுத்து வழியை அவர்களே கண்டுபிடிக்க விட்டார்கள். பந்தைக் குறியில் போடுவதில் இரு குழுவும் முன்னேறின. பெரிய வேறுபாடு இல்லை. அசைவின் வடிவத்தில் முதல் குழு மேல். இரண்டாம் குழுவிடம் அதே விளைவுக்குப் பலவித அசைவுகள்.

இருபத்துநான்கு பேரை வைத்துக் கொள்கையைக் கவிழ்த்துவிட முடியாதுதான். ஆனாலும் இந்தச் சோதனை ஒரு பிரிவினையைத் தெளிவாகக் காட்டுகிறது. வடிவமே கலையாக இருக்கும் இடத்தில் பழைய முறை வெல்கிறது. பந்து எங்கே விழுந்தது என்பதே கணக்காக இருக்கும் இடத்தில், வடிவத்தைத் திருத்தியதால் கூடுதல் லாபம் ஏதும் கிடைக்கவில்லை.

இங்கே என் அளவுகோல் இரண்டு. முதலாவது, தவறினால் என்ன ஆகும்? கம்பத்தின் மேல் தவறினால் எலும்பு முறியும்; கால்பந்தைத் தவறவிட்டால் எதிரணிக்குப் பந்து போகும், அவ்வளவுதான். இரண்டாவது இன்னும் முக்கியமானது: 'அடிப்படை' என்று நாம் பழக்குவது உண்மையிலேயே அந்தத் திறனுக்குள் இருக்கிறதா? குதிரை நிலை ஒவ்வொரு தூக்கலுக்குள்ளும் இருக்கிறது. அரைமண்டி வர்ணத்தின் தீர்மான அடவுகளுக்குள் அப்படியே இருக்கிறது. ஆனால் வரிசையாக வைத்த கூம்புகளைச் சுற்றிப் பந்தை உருட்டும் பிள்ளை எதைப் பழகுகிறான்? கூம்பு காலை நீட்டாது, ஏமாறாது, பந்தைப் பறிக்காது. ஆட்டத்தில் பந்தோடு ஓடுவது என்பதே எதிராளியைப் படிப்பதுதான். அந்தப் பயிற்சியில் எதிராளியைக் காணோம்.

இதனால் சௌவின் பக்கம் முழுவதும் சாய்ந்துவிடவும் என்னால் முடியவில்லை. கம்பத்தின் மேல் தானே வழி கண்டுபிடிக்கட்டும் என்று எந்தப் பயிற்சியாளரும் விடமாட்டார். பந்தைப் பிடிக்கவே தெரியாத ஏழு வயதுப் பிள்ளையை ஆட்டத்துக்குள் தள்ளினால், அவன் ஓரமாக நின்றே பாட வேளையைக் கழிப்பான். அவனுக்குப் பிடித்தல் வேண்டும். ஆனால் அதைச் சுவரோடு பழகுவதைவிட, மூன்று பேர் ஆடும் சின்ன ஆட்டத்தில் பழகுவது மேல்.

ஆகவே 'முதலில் அடிப்படை' என்பது சிங்க நடனத்துக்கும் பரதத்துக்கும் அப்படியே செல்லும், பந்தாட்டங்களுக்குச் செல்லாது. அங்கே அடிப்படையும் ஆட்டமும் முதல் நாளிலிருந்தே ஒன்றாகத்தான் போக வேண்டும். உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கூம்புகளுக்குச் செலவாகும் நேரத்தில் பாதியை, எதிரே ஓர் ஆளை நிறுத்தி ஆட விடுங்கள். பெற்றோருக்கும் ஒன்று: நடன ஆசிரியரிடம் மட்டும் அரைமண்டி நேரத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.