நிறுவல் திரையின் தமிழ்: கட்டற்ற இயங்குதளமும் எளிய பயனரும்

கட்டற்ற இயங்குதளங்கள் பரவலாகாமைக்கு அவற்றை நிறுவுவதிலுள்ள கடினமே காரணம் என்பது பொதுவான கருத்து. அக்கடினம் பெரிதும் தொழில்நுட்பம் சார்ந்ததாகவே பேசப்படுகிறது. நிறுவல் திரையை ஒரு பனுவலாகக் கொண்டு நோக்கின், எஞ்சியுள்ள தடையில் மொழிக்கும் கணிசமான பங்குண்டு என்பது புலனாகும்.

தொழில்நுட்பத் தடைகள் பல முன்னரே நீங்கிவிட்டன. 2006 ஜூனில் வெளியான உபுண்டு 6.06, குறுவட்டிலிருந்தே இயக்கிப் பார்த்துப் பின்னர் நிறுவும் வசதியை அளித்தது. 2007 ஏப்ரலில் வெளியான டெபியன் 4.0, வரைகலை நிறுவியின்வழித் தமிழிலும் நிறுவ வழிசெய்தது.

தமிழக அரசு மேற்கொண்ட வழி வேறு. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் சேர்த்து வழங்கப்பட்டது. மாணவர் எதையும் நிறுவ வேண்டியிருக்கவில்லை. எனினும் நிறுவக் கல்லாதவர், கணினி பழுதுற்றபின் அதனை மீட்கவும் இயலாதவராகிறார். ஆகவே நிறுவுதலைத் தவிர்ப்பது நிலையான தீர்வாகாது.

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையொன்றின் கணக்கரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நெல் கொள்முதல் கணக்குகள் 'டி டிரைவில்' இருப்பதை அவர் அறிவார். அவ்வெழுத்து விண்டோஸ் இட்ட பெயர். நிறுவியோ அதே இடத்தை 'எஸ்டிஏ2' எனச் சுட்டுகிறது. வட்டின் கூறுகளைக் குறிக்கப் பகிர்வு, பிரிவு முதலிய சொற்கள் ஆளப்படுகின்றன. இன்றைய வழக்கில் 'பகிர்வு' என்பது படத்தையோ செய்தியையோ பிறருக்கு அனுப்புதலையே முதலில் நினைவூட்டும். தரவு அழியும் என்ற எச்சரிக்கை திரையில் உண்டு. ஆயின் அது பகிர்வின் எண்ணைக் கூறுகிறதேயன்றி, அழியப்போவது எவருடைய எப்பொருள் என்பதைக் கூறுவதில்லை. சொற்கள் அனைத்தும் தமிழாக இருந்தும், கணக்குகள் எஞ்சுமா என்ற அவரது ஒரே வினாவிற்கு விடையில்லை.

கலைச்சொற்களைத் தரப்படுத்தினால் போதும் என்னும் வாதம் இங்குப் போதாது. தரப்படுத்திய சொல்லும் விளைவை உணர்த்தாவிடில் பயனற்றதே. ஒவ்வொரு கூறின் கொள்ளளவையும் அதிலுள்ள கோப்புறைகள் சிலவற்றின் பெயர்களையும் காட்டி, 'இவை முழுவதும் அழியும். திரும்பப் பெற இயலாது' என்று கூறும் திரையே பயனருக்கு உதவும். இதனை மொழிபெயர்ப்பாளர் மட்டும் செய்ய இயலாது. நிரலாளரும் உடனிருத்தல் வேண்டும். மேலும், யுஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடங்கும் முதற்படி, இயங்குதள மொழிபெயர்ப்பாளரின் கைக்கு எட்டாதது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாவிடினும் நன்கு இயங்கும் கணினிகள், சிறு ஆலைகளிலும் கடைகளிலும் இன்று பாதுகாப்புத் திருத்தமின்றி நிற்கின்றன. அவற்றின் எதிர்காலம் அந்த ஒரு திரையில் பயனர் அஞ்சிப் பின்வாங்குவதா, புரிந்து முன்செல்வதா என்பதைப் பொறுத்தது. கணித்தமிழ் ஆய்வு, மொழிபெயர்க்கப்பட்ட சொற்களின் எண்ணிக்கையைவிட, பயனர் தயங்கி நிற்கும் இத்தகைய இடங்களைத் தன் அளவுகோலாகக் கொள்ளுதல் தகும்.