வன்னிக்கு வந்த கட்டபொம்மன்: பண்டார வன்னியன் கதை குறித்து

இந்திய விடுதலைப் போராட்டம் ஈழத்துத் தமிழருக்கு அளித்தவற்றுள் ஒரு கதை வார்ப்பும் அடங்கும். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படம் 1959இல் வெளிவந்தது; முல்லைமணியின் ‘பண்டார வன்னியன்’ நாடகம் 1964இல் நூலாயிற்று. பிற்காலத்தில் மு. கருணாநிதியும் இவனை நாவலின் தலைவனாக்கினார். திறை மறுப்பு, வீரவுரை, உட்பகை, வீழ்ச்சி என்ற வரிசையிலேயே இக்கதை மக்களிடம் நிலைபெற்றுள்ளது.

இவ்வரிசைக்கு ஓர் எட்டப்பன் தேவை. அவ்விடத்தில் நிறுத்தப்படுபவன் காக்கை வன்னியன். யாழ்ப்பாண வைபவமாலையிலோ அப்பெயரினன் சங்கிலியைப் பறங்கியருக்குக் காட்டிக்கொடுத்தவன். சங்கிலியின் ஆட்சி வீழ்ந்தது 1619இல். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தைத் தாண்டி அவன் 1803க்குக் கொணரப்பட்டிருக்கிறான்! நாடகச் சுவைக்காகச் செய்யப்பட்ட சிறு மாற்றமென இதனைத் தள்ளிவிடல் பொருந்தாது. தோல்விக்குத் தனியொருவனின் துரோகமே காரணம் எனக் கொண்டால், ஏகாதிபத்தியத்தின் படைபலமும் வருவாய் முறையும் பார்வையிலிருந்து மறைந்துவிடும்.

ஒப்புமைக்கு உண்மையான அடிப்படை உண்டு. 1796இல் ஒல்லாந்தரின் கரையோர நிலங்களைக் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பனி, அவற்றைச் சென்னையிலிருந்தே ஆண்டது. சென்னையிலிருந்து வந்த வரி அலுவலருக்கு எதிராக 1797இல் இங்கு கிளர்ச்சி மூண்டது. அதே கம்பனிதான் 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மனையும், 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரரையும் தூக்கிலிட்டது. எனினும் 1802இல் இலங்கை முடிக்குரிய குடியேற்றநாடாயிற்று. 1803 யூனில் கண்டியிலிருந்த ஆங்கிலப் படை அழிந்தது. ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டை பண்டார வன்னியன் வசமாயிற்று. பாஞ்சாலங்குறிச்சியைக் காட்டிலும் கண்டியே இந்நிகழ்வுக்கு நெருங்கிய சூழல் எனல் தகும்.

கண்டாவளையின் வயற்கரையில் நின்று நோக்குவோருக்கு வேறொரு வினா எழும். ஒல்லாந்தர் காலத்தில் வன்னியர் யானைகளைத் திறையாகச் செலுத்தினர். இவ்வூருக்கு வடமேற்கேயுள்ள ஆனையிறவின் பெயரிலேயே அவ்வரலாறு தங்கியுள்ளது. காட்டில் யானை பிடித்தவனும் நெல் விளைத்தவனும் யார்? தலைவன் திறை மறுத்தபோது அவர்தம் சுமை இறங்கிற்றா? ‘மக்கள் போராட்டம்’ என்று எழுதுவோர் முதலில் இதற்கு விடை தேடவேண்டும். பாளையக்காரர் கதையை அப்படியே விடுதலைக் கதையாக்கிய தமிழக எழுத்தாளருக்கும் இது பொருந்தும்.

கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய கல், 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டார வன்னியனைத் தோற்கடித்ததாகவே கூறிற்று, கொன்றதாகக் கூறவில்லை. தோல்விக்குப் பின்னர் அவனும் அவனுடன் நின்ற குடிகளும் வாழ்ந்த வாழ்வு நல்ல நாடகத்துக்குரிய களமாகும். அங்கே எட்டப்பனுக்கு வேலை இராது.