எளிய மொழி எவ்வளவு எளிது?

பங்குச் சந்தையில் எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்ற முடிவைக் கணிப்பொறியிடமே ஒப்படைக்க விரும்புவோர்க்கெனத் தனி மொழிகள் சில உண்டு. அவற்றுள் மூத்த ஒன்றின் பெயர் ஈசி லாங்குவேஜ். அதாவது எளிய மொழி. அமெரிக்காவின் மயாமி நகரில் இயங்கிய ஒமேகா ரிசர்ச் நிறுவனம் 1991இல் வெளியிட்ட டிரேட்ஸ்டேஷன் என்னும் மென்பொருளோடு சேர்ந்து அது பரவியது. கணிப்பொறியியல் படிக்காத வணிகரும் தம் திட்டத்தை ஏறக்குறையப் பேச்சு நடையிலேயே எழுதிவிட வேண்டும் என்பது அதன் நோக்கம். பெயருக்கேற்ப அது எளிதுதானா என்பதை இங்கு ஆராய்வோம்.

இத்தகைய மொழிகளை நம் இளைஞர்களும் தேடத் தொடங்கியிருப்பதற்குக் காரணம் உண்டு. செபி நிறுவனம் 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்றாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேர் நட்டமடைந்தனர் என்கிறது அது. அயல்நாட்டு முதலீட்டாளர்களும், சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் நிறுவனங்களும் 2023-24இல் ஈட்டிய லாபத்திலோ 100க்கு 95 பங்குக்கு மேல் கணிப்பொறி ஆணைத்தொடர்களின் வழியே வந்ததாம். மொழியைக் கற்றுவிட்டால் நாமும் அந்தப் பக்கம் போய்ச் சேரலாம் என்று ஒருவர் எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் தமிழில் படித்தவரைத் தடுத்து நிறுத்துவது இன்னொரு கேள்வி: ஆங்கிலம் நன்றாகத் தெரியாமல் இது வருமா?

எளிய மொழியின் வாக்கியம் ஒன்றைப் பார்ப்போம். நேற்றைய உச்ச விலையைவிட இன்றைய முடிவு விலை மிகுந்தால், அடுத்த நாள் தொடக்கத்தில் சந்தை விலைக்கு வாங்கு என்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் அறிந்தவர் இதை எப்படிச் சொல்வாரோ, அதற்கு மிக அருகில் எழுதிவிடலாம். வாக்கியம் இயல்பாக ஒலிக்கட்டும் என்று 'தி', 'இஸ்', 'அட்' போன்ற சிறு சொற்களை இடையிடையே சேர்க்கவும் இடம் தந்திருக்கிறார்கள். கணிப்பொறி அவற்றைக் கண்டுகொள்வதே இல்லை. இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இந்த இடத்தில்தான் எனக்கு முதல் மனத்தாங்கல். வீட்டுச் சொல்லைப் போல் தோன்றும் சொல்லுக்கு அகராதி பார்ப்பார் யாரும் இல்லை. 'செல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். விற்றல் என்பது பொருள், அதில் என்ன ஐயம்? டிரேட்ஸ்டேஷனின் 2000-ஐ பதிப்பு வரை அச்சொல்லுக்குப் பொருள் வேறு. கையில் உள்ளதை விற்பதோடு நில்லாமல், இல்லாத பங்கையும் விற்று 'ஷார்ட்' நிலை எடு என்று அது ஆணையிட்டது. பின்வந்த பதிப்பில் அதே சொல், கையில் உள்ளதை விற்று வெளியேறு என்று மட்டுமே பொருள்பட்டது. ஷார்ட் நிலைக்கு வேறு ஆணை வந்தது. பழைய நூலைப் பார்த்து எழுதிய ஆணைத்தொடரைப் புதிய பதிப்பு பிழை சொல்லாமல் ஏற்கும். ஆனால் வணிகம் வேறாக நடக்கும். இதில் மாட்டிக்கொள்ளக்கூடியவர் ஆங்கிலம் சரளமாக அறிந்தவரே. ஒவ்வொரு சொல்லையும் கையேட்டில் தேடிப் பொருள் குறித்துக்கொள்ளும் தமிழ் மாணவர் தப்பிவிடுவார். மொத்தத்தில் கற்க வேண்டிய சொற்களும் மிகுதியல்ல.

இந்த மொழியின் உண்மையான திறமை சொற்களில் இல்லை. காலத்தைக் கையாளும் முறையில் இருக்கிறது. ஒரு நாளின் தொடக்க விலை, உச்ச விலை, தாழ்ந்த விலை, முடிவு விலை ஆகிய நான்கையும் ஒரு குத்துக்கோட்டில் காட்டுவது வழக்கம். அதற்கு 'பார்' என்று பெயர். நாம் எழுதும் ஆணைத்தொடர் முழுவதும் ஒவ்வொரு பாருக்கும் ஒருமுறை, இடமிருந்து வலமாக ஓடுகிறது. பத்து ஆண்டு விலைகளைக் கொடுத்தால் ஏறக்குறைய 2,500 முறை ஓடும். விலை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் 1 என்று இட்டால் முந்திய பாரின் விலை. 5 என்று இட்டால் ஐந்து பாருக்கு முந்தியது. எவ்வளவு சுருக்கமான ஏற்பாடு! டிரேடிங்வியூவின் பைன் ஸ்கிரிப்டிலும் இதே முறைதான்.

இதன் அருமை தெரிய, ஆமிபுரோக்கர் மென்பொருளின் ஏஎஃப்எல் மொழியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே விலைகளின் முழு வரிசையும் ஒரே வீச்சில் கையாளப்படுகிறது. அதனால் வேகம் மிகுதி. ஆனால் முந்திய நாள் விலைக்கு எண்ணின் முன் கழித்தல் குறி இட வேண்டும். குறியை மறந்தால் நாளைய விலை வந்து நிற்கும்! நாளைய விலையை இன்றே அறிந்து வாங்கும் ஆணைத்தொடர் சோதனையில் கோடீசுவரனாகிவிடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. எளிய மொழியில் அடுத்த பாரின் தொடக்க விலையைத் தவிர எதிர்காலத்தின் மற்ற விலைகளைக் கேட்கவே முடியாது. இது பாராட்டத்தக்க கட்டுப்பாடு.

ஆயினும் பாருக்கு உள்ளே நடப்பதைப் பற்றி அந்த மொழி வாய் திறப்பதில்லை. இதுவே பெருங்குறை. நாள் தொடக்கத்தில் 100 ரூபாய்க்கு வாங்கினோம் என்க. 105இல் லாபத்தோடு வெளியேறு, 98இல் நட்டத்தை நிறுத்து என்று இரண்டு ஆணைகள். அன்றைய உச்சம் 106, தாழ்வு 93. இரண்டு விலைகளும் வந்துபோயின. எது முன்னே வந்தது? நான்கு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல இயலாது. மென்பொருள் ஓர் ஊகத்தைக் கைக்கொள்கிறது. தொடக்க விலை உச்சத்துக்கு அருகில் இருந்தால் உச்சம் முன்னே வந்தது, தாழ்வுக்கு அருகில் இருந்தால் தாழ்வு முன்னே வந்தது என்பதே அது. நம் எடுத்துக்காட்டில் உச்சம் 6 ரூபாய் தொலைவு, தாழ்வு 7 ரூபாய். ஆகவே 5 ரூபாய் லாபம் எழுதப்படும். அன்றைய தாழ்வு 95 ஆக இருந்திருந்தால் அதே ஊகம் 2 ரூபாய் நட்டம் என்றிருக்கும். உண்மையில் நடந்தது எதுவோ! நிமிடக் கணக்கிலான விலைகளைக் கொண்டு பாரின் உள்ளே பார்க்கும் வசதி பின்னர் சேர்க்கப்பட்டது. நாம் தேர்ந்தெடுத்தால்தான் அது வேலை செய்யும். நாம் எழுதிய எளிய வாக்கியத்தில் இந்த ஊகத்தின் சாயலே இல்லை.

சிறந்த எண்களைத் தேடித் தரும் வசதியையும் இங்கே சொல்ல வேண்டும். 1 முதல் 20 நாள் வரை ஒரு சராசரி, 21 முதல் 100 நாள் வரை மற்றொரு சராசரி என்று கொடுத்தால் 1,600 சேர்க்கைகளைச் சோதித்து, மிகுந்த லாபம் காட்டியதை முதலில் நிறுத்தும். 1,600 பேர் ஓடினால் ஒருவர் முதலில் வரத்தானே செய்வார்? அவர் திறமையால் வந்தாரா, தற்செயலாக வந்தாரா என்பதை அந்தப் பட்டியலிலிருந்து அறிய முடியாது. சோதனையில் சேர்க்காத வேறு ஆண்டுகளின் விலைகளில் அவரை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

கற்க விரும்புவோர் கணிப்பொறிக்கு முன் அமரும் முன்பாக, இருபது நாள் விலைகளை ஒரு தாளில் எழுதி, தம் வாக்கியத்தைத் தாமே பார் பாராக நடத்திப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு வரியிலும் அந்த நேரத்தில் தெரிந்த விலை எது, தெரியாத விலை எது என்று குறிக்க வேண்டும். லாப விலையும் நட்ட விலையும் ஒரே நாளில் வந்த இடங்களைத் தனியே வட்டமிட்டு, அவை எல்லாமே நட்டத்தில் முடிந்தன எனக் கொண்டு கணக்கை மறுபடியும் போட்டுப் பார்க்கலாம்.